தொடையில் முட்டி இடித்து மூன்று நாள்: தைலம் தேய்ப்பதை நிறுத்துங்கள்

கபடியில் எதிராளியின் முட்டி முன்தொடையில் இடித்து மூன்று நாள் ஆகிறது, தினமும் தைலம் தேய்த்தும் வீக்கம் கூடுகிறது என்கிறீர்கள். தேய்ப்பதே காரணமாக இருக்கலாம். தசைக்குள் கசிந்த ரத்தம் அடங்குவதற்குள் அழுத்தித் தேய்த்தாலும் வெந்நீர் ஒத்தடம் கொடுத்தாலும் மறுபடி கசியும்.

குப்புறப் படுத்து முட்டியை மடக்கிப் பாருங்கள். 90 பாகைக்கு மேல் மடங்கினால் லேசான அடி. 45-ஐக்கூடத் தாண்டாவிட்டால் கடுமையானது, ஸ்கேன் எடுத்துவிடுங்கள். தோலில் தெரியும் நீலம் முட்டிப் பக்கம் இறங்கினால் பயப்பட வேண்டாம், ரத்தம் தசைகளுக்கு நடுவே வடிகிறது. நீலமே தெரியாமல் உள்ளே இறுகிக் கிடப்பதுதான் ஆற நாளாகும்.

துணியில் சுற்றிய ஐஸ் 15-20 நிமிடம், ஒரு நாளைக்கு நாலைந்து தடவை. கிரேப் பேண்டேஜ் கட்டி, வலி தொடங்கும் அளவோடு நிறுத்தி முட்டியை மடக்கப் பழகுங்கள். (அடிபட்ட உடனேயே 120 பாகைக்கு மடக்கி 24 மணி நேரம் கட்டி வைத்திருக்கலாம், அந்த நேரம் போய்விட்டது.) வலிக்குப் பாராசிட்டமால் போதும், ஆஸ்பிரின் வேண்டாம்.

மூன்று வாரம் கழித்தும் கெட்டியான கட்டி இருந்து, மடங்குவது குறைந்துகொண்டே வந்தால் எக்ஸ்ரே எடுங்கள். தசைக்குள் எலும்பு படிந்திருக்கலாம். முதல் வாரத்து எக்ஸ்ரேயில் அது தெரியாது.

தொடை கல்லாக இறுகி, மாத்திரைக்கும் அடங்காமல் வலி ஏறி, கால் மரத்துப்போனால் விடியும்வரை காத்திருக்காதீர்கள், உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.