எதுக்கு இந்த வரிசை?

கேள்வி: நம் இளைஞர்கள் எடுத்த ஏழு நிமிட நகைச்சுவைக் குறும்படம் ஒன்று பார்த்தேன். காப்பிக்கடையில் எதற்கென்றே தெரியாமல் எல்லாரும் வரிசையில் நிற்கிறார்கள். “எதுக்கு இந்த வரிசை?” என்று கேட்டவனை ஊரே ஒதுக்கி வைக்கிறது. வரிசையில் நிற்பது நல்ல பழக்கம்தானே? அதைப்போய்க் கிண்டல் செய்யலாமா? (வாசகர், ஈசூன், சிங்கப்பூர்)

பதில்: நல்ல பழக்கம்தான். தேக்காவில் மீன் வாங்க நானும் ஒழுங்காக நிற்பவன். ஆனால் ‘வரிசை’ என்ற சொல்லை இவ்வளவு சுலபமாக விட்டுவிட மாட்டேன்.

சீர்வரிசையும் வரிசைதான். அவரவர் தகுதி என்றும் அதற்கு ஒரு பொருள் உண்டு. புறநானூறு 121-ஆம் பாட்டில் மலையமான் திருமுடிக்காரியிடம் கபிலர் சொல்கிறார்: அள்ளிக் கொடுப்பது எளிது, வரிசை அறிவதுதான் அரிது; ஆகவே புலவர்களிடம் பொது நோக்கை, எல்லாரையும் ஒன்றாகப் பார்ப்பதை, ஒழி. பரிசில் வாங்கப் போன இடத்தில், கொடுப்பவன் முகத்துக்கு நேரே! இன்று நம்மூர் விழா ஏற்பாட்டாளர் யாரிடமாவது இப்படிச் சொல்லிப் பாருங்கள். அடுத்த அழைப்பிதழ் உங்கள் வீட்டுக்கு வராது.

விழா என்றதும் பொன்னாடை. (தெரியும், போன இதழிலும் இதைத்தான் எழுதினேன்.) மேடையில் பதினொரு பேர் என்றால் பதினொரு பேருக்கும் பொன்னாடை. ஒலிவாங்கியைச் சரிசெய்ய ஏறியவருக்கும் ஒன்று. அம்மணமாக ஊர்வலம் போன ராஜாவின் கதையை ஆண்டர்சன் 1837-ல் டென்மார்க்கில் எழுதினார். சிராங்கூன் சாலையில் உட்கார்ந்து எழுதியிருந்தால், அந்தப் பையன் “ராஜா எங்கே?” என்று கேட்டிருப்பான். அத்தனை சால்வை.

அப்படி ஒரு நூல் வெளியீட்டில், உரை முடிந்ததும் எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். எனக்கு மூட்டுவலி, உட்கார்ந்தே இருந்தேன். முன்வரிசையில் எழுந்தவர் ஒருவர் திரும்பி என்னைப் பார்த்தார். மெதுவாக, வேட்டியைச் சரிசெய்வதுபோல், உட்கார்ந்துவிட்டார். பின்னால் இன்னும் இரண்டு நாற்காலிகள் கிரீச்சிட்டன. வெளியே தேநீர் வாங்கும்போது ஒருவர் காதில் கேட்டார்: “அண்ணே, அவருக்கும் உங்களுக்கும் என்ன தகராறு?” மூட்டு என்றேன். நம்பவில்லை.

உளவியலாளர் சாலமன் ஆஷ் 1950களில் இதைக் கோடு போட்டே காட்டியிருக்கிறார். மூன்று கோடுகளில் எது மாதிரிக்கோட்டின் நீளம் என்று சொல்ல வேண்டும். குழந்தைகூடச் சொல்லிவிடும். கூட இருப்பவர்கள் எல்லாரும், முன்பே பேசிவைத்து, தவறான கோட்டையே காட்டும்போது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பதில்கள் அவர்கள் பக்கம் சாய்ந்தன. கூட்டத்தில் ஒரே ஒருவர் சரியாகச் சொன்னால் போதும், அந்தச் சாய்வு வெகுவாகக் குறைந்தது. அந்த ஒருவருக்கு மூட்டுவலி இருந்ததா என்று ஆஷ் விசாரித்த மாதிரி தெரியவில்லை.

சரி, உங்கள் படத்துக்கு வருகிறேன். நானும் பார்த்தேன். ஒரு பாட்டி தன் இடத்தில் டிஷ்யூ பாக்கெட்டை வைத்துவிட்டுக் கழிவறைக்குப் போவார். வரிசை நகர, பின்னால் நிற்பவர் அந்தப் பாக்கெட்டைக் காலால் மரியாதையாகத் தள்ளிக்கொண்டே வருவார். அந்த ஒரு காட்சிக்கு என் ஓட்டு. பிடிக்காதது, கேள்வி கேட்கிற பையன். தலைமுடியும் தாடியுமாகக் கதாநாயகன் போல் இருக்கிறான். கேள்வி கேட்கிறவன் பெரும்பாலும் எரிச்சலூட்டுகிற ஆள், என்னைப் போல. அவனை அப்படியே காட்டிவிட்டு, அப்புறமும் நம்மை அவன் பக்கம் நிற்க வைத்திருந்தால் சபாஷ் போட்டிருப்பேன்.

கிண்டல் செய்யலாமா என்கிறீர்கள். தாத்தாவின் சவப்பெட்டி அரசாங்க அளவுக் குழிக்குள் இறங்காத கதையை நம்மூர் நாடகாசிரியர் குவோ பாவ் குன் 1980களிலேயே நாடகமாக்கி இந்த ஊரைச் சிரிக்க வைத்துவிட்டார். காப்பிக்கடை வரிசையெல்லாம் எம்மாத்திரம்?

அப்புறம், ஒரு வாக்குமூலம். 2000-ஆம் ஆண்டு ஹலோ கிட்டி கல்யாண ஜோடி பொம்மைக்காகத் தீவு முழுக்கப் பர்கர் கடை வாசலில் நின்றார்களே, அதில் நானும் ஒருவன். விடியற்காலை நாலு மணியிலிருந்து. எதுக்கு என்று நான் கேட்கவில்லை. என் மகளுக்கு அப்போது பூனை என்றாலே பயம்.