ஐ.சி.யூ.வில் பிடித்த பேதி: மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி: என் மாமியாருக்கு வயது 71. நிமோனியாவுக்காக மதுரையில் ஐ.சி.யூ.வில் வைத்திருந்தார்கள். மூச்சுத்திணறல் சரியாகி வரும்போது பேதி பிடித்துக்கொண்டது. மலத்தைப் பரிசோதித்து 'சி.டிஃப்' கிருமி என்றார்கள். ஆன்டிபயாட்டிக்கால் வந்தது என்று சொல்லிவிட்டு, வான்கோமைசின் என்ற இன்னொரு ஆன்டிபயாட்டிக்கையே கொடுக்கிறார்கள். இப்போது வீட்டுக்கு வந்துவிட்டோம், பேதியும் குறைந்திருக்கிறது. மாத்திரையை நிறுத்திவிடலாமா? வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருப்பதால் பயமாகவும் இருக்கிறது.
- வாசகி, தேவகோட்டை

பதில்: தயவுசெய்து நிறுத்தாதீர்கள். வழக்கமாகப் பத்து நாள் எழுதுவார்கள். பேதி நின்றாலும் கடைசி மாத்திரை வரை கொடுங்கள்.

உங்கள் சந்தேகம் நியாயமானது. நிமோனியாவுக்கு ஏற்றிய மருந்து நுரையீரல் கிருமியோடு, குடலில் நமக்குத் துணையாக இருக்கும் பாக்டீரியாக்களையும் அழித்துவிடுகிறது. நம் ஊரில் ஆளில்லாமல் பூட்டிக் கிடக்கும் வீட்டில் வௌவால் குடியேறுகிறதே, அப்படித்தான் சி.டிஃப் அங்கே பெருகுகிறது. அது விடும் நச்சுதான் பெருங்குடலைப் புண்ணாக்குகிறது. அதற்காக அந்த மருந்தைத் திட்ட வேண்டாம், மாமியார் உயிரோடு வீடு திரும்பியதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. வாயால் கொடுக்கும் வான்கோமைசின் ரத்தத்தில் அநேகமாகக் கலக்காது. குடலிலேயே தங்கி இந்தக் கிருமியைத் தாக்கும்.

பேதியை நிறுத்தும் மாத்திரையை மெடிக்கலில் கேட்டு வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். நச்சு உள்ளேயே தங்கிவிடலாம். கஞ்சி, இளநீர், உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுங்கள். மிளகாயும் எண்ணெயும் கொஞ்ச நாள் குறையட்டும்.

பேதி சட்டென்று நின்று வயிறு மட்டும் உப்பிக்கொண்டு வந்தால், குணமாகிவிட்டது என்று இருந்துவிடக் கூடாது. அது ஆபத்தான அறிகுறி. காய்ச்சல், மலத்தில் ரத்தம், சிறுநீர் குறைவது, பேச்சு குழறுவது, இதில் எது வந்தாலும் ராத்திரி என்றும் பார்க்காமல் மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள்.

அப்புறம் பிள்ளைகள். நல்ல ஆரோக்கியமுள்ள பிள்ளைகளை இந்தக் கிருமி பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. நான் கவலைப்படுவது வீட்டில் உள்ள மற்ற வயதானவர்களையும், ஆன்டிபயாட்டிக் சாப்பிடுகிறவர்களையும் பற்றித்தான். மலத்தோடு வெளியேறும் இதன் வித்துகள், அதாவது கெட்டியான ஓட்டுக்குள் உறங்கிக் கிடக்கும் கிருமிகள், மாதக்கணக்கில் தரையிலும் கைப்பிடியிலும் உயிரோடு இருக்கும். சானிடைசர் அவற்றைக் கொல்லாது. சோப்புப் போட்டு, தண்ணீரை ஓடவிட்டு, விரலிடுக்கு வரை தேய்த்துக் கழுவுவதுதான் வழி. கால் கழுவிவிட்ட கையோடு சோறு பிசைந்து ஊட்டிவிடக் கூடாது, இதில் மட்டும் சமரசமே வேண்டாம்.

பார்க்க வருகிறவர்களை வரவேண்டாம் என்று நம் பக்கம் சொல்ல முடியாது, சொல்லவும் வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து திருநீறு பூசிவிட்டுப் போகட்டும். ஆனால் கை கழுவிவிட்டுத்தான் பலகாரத் தட்டைத் தொட வேண்டும்.

முடிந்தால் அவருக்குத் தனிக் கழிப்பறை ஒதுக்குங்கள். ஐந்து சதவீத ஹைப்போகுளோரைட் (பிளீச்) திரவம் ஒரு பங்கு, தண்ணீர் ஒன்பது பங்கு கலந்து, கழிப்பறை இருக்கை, குழாய்த் திருகு, தாழ்ப்பாள் எல்லாவற்றையும் துடைத்து, பத்து நிமிடம் விட்டுக் கழுவுங்கள். ஆசிட்டோடு சேர்த்து மட்டும் ஊற்றாதீர்கள், விஷவாயு கிளம்பும். ஆத்தங்குடிக் கல் பதித்த பட்டாலை முழுக்க இதை ஊற்றத் தேவையில்லை.

ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இது திரும்ப வருகிறது, பெரும்பாலும் இரண்டு மாதத்துக்குள். ஒரே நாளில் மூன்று தடவையோ அதற்கு மேலோ தண்ணீராகப் போனால் உடனே காட்டுங்கள். பேதி இல்லாதபோது மலத்தை மறுபடி பரிசோதிக்க வேண்டாம். குணமான பிறகும் கிருமி தெரியலாம், வீண் பயம்தான் மிஞ்சும். அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையும் சாப்பிட்டு வருகிறார் என்றால், இன்னும் அது தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள். இனிமேல் சளி, பல்வலி என்று யாரிடம் போனாலும், ஆன்டிபயாட்டிக் எழுதுவதற்கு முன்பே டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்து நீட்டி, சி.டிஃப் வந்ததைச் சொல்லிவிடுங்கள்.