ஆங்கில இலக்கணம், நிறுத்தற்குறி, சொற்களில் உங்களுக்கு அன்றாடம் எரிச்சல் தருவது எது?

தமிழ்நாடு, கேரள எல்லையில் இருக்கும் குமுளியில் டைப்பிங், ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கீழே இறங்கினால் லோயர் கேம்ப், கூடலூர், கம்பம். மேலே வண்டிப்பெரியாறு, பீர்மேடு பக்கம் தேயிலை எஸ்டேட்டுகளில் தலைமுறை தலைமுறையாக நம் ஆட்கள். 1956-இல் மொழிவழியாக மாநிலம் பிரித்தபோது பீர்மேடு கேரளத்தோடு இருந்துவிட்டது. கேரள அரசு அலுவலகங்களுக்குத் தமிழிலேயே எழுதும் உரிமையை 1969-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் தமிழ்ச் சிறுபான்மையினருக்குக் கொடுத்திருக்கிறது. ஆனாலும் பலர் "இங்கிலீஷ்ல அடிச்சிருங்கண்ணே, ரெண்டு பக்கமும் செல்லும்" என்றுதான் கேட்கிறார்கள்.

எனக்கு அதிக எரிச்சல் தருவது இனிஷியலும் அதன் பின்னால் வரும் புள்ளியும். தமிழ்நாட்டில் இனிஷியல் பெயருக்கு முன்னால் வரும், கேரளத்தில் பெரும்பாலும் பின்னால். எல்லையில் வாழ்கிறவருக்கு இரண்டு விதமாகவும் காகிதம் இருக்கும். போன வருஷம் ஒரு பாட்டி வந்தார். எஸ்டேட்டில் கொழுந்து கிள்ளி ஓய்வு பெற்றவர். பிஎஃப் பணத்துக்குப் போட்ட விண்ணப்பம், பெயர் ஒத்துப்போகவில்லை என்று திரும்பி வந்திருந்தது. பேச்சியம்மாள் என்ற பெயர் ஆதாரில் 'பி, இ, டி, சி, ஹெச்' என்று தொடங்கியது. எஸ்டேட் பதிவேட்டில் அந்த டி இல்லை. ரேஷன் கார்டில் நடுவே ஒரு ஒய் கூடுதல். இனிஷியல் ஒன்றில் அப்பா பெயருக்கு, இன்னொன்றில் வீட்டுக்காரர் பெயருக்கு. மூன்றையும் மேஜையில் பரப்பி, எழுத்து எழுத்தாகக் காட்டினேன். "எல்லாம் நான்தாம்ப்பா" என்றார்.

யார் மேல் குற்றம் சொல்வது? 'ச்ச' என்ற ஒலிக்கு ஆங்கிலத்தில் ஒரே எழுத்துமுறை இல்லை. கேட்ச், மேட்ச் என்ற சொற்களில் இருப்பதுபோல டி போட்டு எழுதுகிறவர்களும் உண்டு, போடாதவர்களும் உண்டு. அந்தந்த மேஜையில் இருந்தவர் தன் காதில் விழுந்தபடி எழுதினார். கடைசியில், மூன்று பெயரும் ஒருவருடையதே என்று முத்திரைத்தாளில் அஃபிடவிட் அடித்து, நோட்டரி கையெழுத்து வாங்கினோம். தன் பெயர் தன்னுடையதுதான் என்று நிரூபிக்க அந்த வயதில் நாலு நாள் அலைந்தார். எனக்கு மனசு ஆறவே இல்லை.

அடுத்தது உறவுச் சொற்கள். பெரியப்பா, சித்தப்பா, மாமா மூவரும் ஆங்கிலத்தில் 'அங்கிள்' ஆகிவிடுகிறார்கள். பெரியப்பா மகன் நமக்கு அண்ணன். அப்படி ஒரு அண்ணன் இறந்ததற்கு லீவு கேட்டு, ஒரு பையன் 'மை பிரதர்' என்று எழுதினான். உடன்பிறந்தவர் யாரும் இல்லை என்று வேலையில் சேரும்போது எழுதிக் கொடுத்திருந்ததால், பொய் சொல்கிறான் என்று அங்கே பேச்சு வாங்கினான். 'கசின்' என்று மட்டும் போட்டால் தூரத்துச் சொந்தம் என்று தள்ளிவிடுவார்கள். அப்புறம் நான் அடித்துக் கொடுத்தது: அப்பாவின் அண்ணன் மகன், ஒரே வீட்டில் வளர்ந்தவர். நீளம்தான், ஆனால் அதுதான் உண்மை. 'கசின் பிரதர்' என்று எழுதுவதைத் தப்பு என்று திருத்துகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஆணா பெண்ணா என்பதையாவது அது சொல்கிறதே.

அதுபோல 'பிரீபோன்' என்பதையும் நான் திருத்துவதில்லை. தேதியை முன்னுக்குக் கொண்டுவருவதற்கு இவ்வளவு சுருக்கமான சொல் வேறு எங்கே இருக்கிறது? ஆக்ஸ்ஃபோர்டு அகராதியே அதைச் சேர்த்துக்கொண்டது. 'டூ த நீட்ஃபுல்', அதாவது ஆகவேண்டியதைச் செய்யுங்கள் என்பது, ஆங்கிலேயர்களே ஒரு காலத்தில் எழுதியது. அவர்கள் விட்டுவிட்டார்கள், நாம் வைத்திருக்கிறோம்.

அபாஸ்ட்ரஃபி, அதாவது எழுத்துக்கு மேல் பக்கத்தில் கமா மாதிரி நிற்கும் குறி, அந்த விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். இங்கே கடைத்தெருவில் ஸ்பைசஸ் என்று எழுதிய பலகை சிலவற்றில் கடைசி எஸ்ஸுக்கு முன்னால் அந்தக் குறி நிற்கிறது. பன்மைக்கு அது தேவையில்லை. 'இட்ஸ்' என்பதில் அந்தக் குறி இருந்தால் 'இட் இஸ்' அல்லது 'இட் ஹேஸ்' என்பதன் சுருக்கம். இல்லாவிட்டால் 'அதனுடைய'. கடிதம் அடிக்கும்போது 'இட் இஸ்' என்றும் 'இட் ஹேஸ்' என்றும் விரித்துப் படித்துப் பாருங்கள், இரண்டிலும் பொருள் வராவிட்டால் குறியை எடுத்துவிடுங்கள்.

கமாவை அலட்சியமாக நினைப்பவர்களுக்கு நான் சொல்வது அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்து வழக்கு. யாருக்கு ஓவர்டைம் கிடையாது என்று சொல்லும் சட்டத்தில், சரக்கு அனுப்புவதற்கு 'அல்லது' விநியோகத்துக்காகப் பொதி கட்டுதல் என்று படிக்கும்படி ஒரு தொடர். 'அல்லது' வரும் இடத்துக்கு முன்னால் கமா இல்லை. இருந்திருந்தால் விநியோகமும் ஓவர்டைம் இல்லாத தனி வேலை என்று தெளிவாகியிருக்கும். ஓக்ஹர்ஸ்ட் என்ற பால் நிறுவனத்தின் டிரைவர்கள், "நாங்கள் விநியோகிக்கிறோம், பொதி கட்டவில்லை, எங்களுக்கு ஓவர்டைம் உண்டு" என்று வழக்குப் போட்டார்கள். 2017-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. 2018-இல் 50 லட்சம் டாலருக்குச் சமரசம் ஆனது.

எஸ்டேட் சங்கத்துக்காரர்கள் கோரிக்கை மனு அடிக்க வரும்போது, "பஸ் போயிரும்ணே, சீக்கிரம்" என்று அவசரப்படுத்துவார்கள். கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லி, கடைசிக் கோரிக்கைக்கு முன்னால் கமா இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பிரிண்ட் கொடுக்கிறேன்.