பழைய செயின்சா வாங்கி விக்கலாமா? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அண்ணே, பகல்ல கம்பெனி வேலை, சாயங்காலம் ஃப்ரீ. பைக் எஞ்சின் பிரிச்சு மாட்டுற அளவுக்கு கை வரும். பழைய செயின்சா, அதான் மரம் அறுக்குற மிஷின், வாங்கி ரிப்பேர் பண்ணி வித்தா நல்ல காசுன்னு சொல்றாங்க, நிஜமாவா? எதப் பாத்து வாங்கணும்?
– கையில கிரீஸோட ஒரு தம்பி

பதில்: காசு இருக்கு தம்பி. ஆனா அது விக்கிறப்ப வர்றதில்ல, வாங்குறப்பவே வந்துடணும். தப்பான மிஷின வாங்கிட்டா அப்புறம் நீங்க எவ்வளவு நல்ல மெக்கானிக்கா இருந்தாலும் ராத்திரி உக்காந்து சும்மா உழைச்ச மாதிரிதான்.

விக்கிறவர் "போன வாரம் வரைக்கும் ஓடிச்சு, பிளக் மாத்துனா போதும்"னு சொல்வாரு. எல்லாரும் அதத்தான் சொல்வாங்க, காதுல வாங்கிக்காதீங்க. மொதல்ல ஸ்டார்ட்டர் கைப்பிடிய புடிச்சு மிஷின அப்படியே தூக்குங்க. சொய்ங்னு கயிறு உருவிக்கிட்டு கீழ போச்சுன்னா கம்ப்ரஷன் இல்ல, நின்னு நின்னு இறங்குச்சுன்னா உள்ள உசுரு இருக்கு. பெரிய மிஷின்ல கம்ப்ரஷன் ரிலீஸ் பட்டன் (ஈஸியா இழுக்க கம்ப்ரஷன கொஞ்சம் வெளிய விடுற பட்டன்) அமுங்கி இருந்தாலும் ஏமாத்தும், அதையும் பாத்துக்கங்க. பிளக் ஓட்டைல மாட்டி கம்ப்ரஷன் அளக்குற கேஜ் இருந்தா ஆக்சிலேட்டர முழுசா அமுக்கிக்கிட்டு முள்ளு ஏறாம நிக்கிற வரைக்கும் இழுங்க. 120லிருந்து 150 பி.எஸ்.ஐ. வந்தா தைரியமா பேரம் பேசலாம், 100க்கு கீழன்னா பார்ட்ஸ் விலைக்கு மட்டும்தான். காருக்கு வச்சிருக்கிற நீள ஹோஸ் கேஜ் இந்த குட்டி எஞ்சின்ல கம்மியா காட்டும், அதனால வால்வு பிளக் பக்கத்து முனையிலேயே இருக்கிற கேஜா பாத்து வாங்கிக்கங்க.

அடுத்தது சைலன்சர். ரெண்டு மூணு ஸ்க்ரூதான், விக்கிறவர் முன்னாடியே "கழட்டிப் பாக்கலாமா"ன்னு கேளுங்க, வேணாம்னு சொன்னாருன்னா அதுவே பதில். கழட்டி டார்ச் அடிச்சு பிஸ்டன மெதுவா மேலயும் கீழயும் நகத்துங்க. பிஸ்டன் வழவழன்னு இருந்து, ரிங் விரலால அமுக்குனா லேசா ஆடணும். மேலிருந்து கீழ கோடு கோடா கீறி இருந்தா ஆயில் கலக்காம வெறும் பெட்ரோல் ஊத்தி ஓட்டியிருக்காங்க, இல்லன்னா லீனா, அதாவது பெட்ரோல் கம்மியா காத்து ஜாஸ்தியா, ஓடியிருக்கு. இந்தக் கீறல் இன்டேக் பக்கம் இருந்தா ஏர் ஃபில்டர் கிழிஞ்சு தூசி போயிருக்குன்னு அர்த்தம்.

பைக் தெரிஞ்சவங்க இங்கதான் கணக்கு தப்புவாங்க. பைக்னா சிலிண்டர போர் போட்டு, அதான் உள்ள கடைஞ்சு பெருசாக்கி, ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டுடலாம். செயின்சா சிலிண்டர் பெரும்பாலும் அலுமினியம், உள்ள குரோமோ நிக்கல் சிலிக்கானோ பூச்சு, அத போர் போட முடியாது. பூச்சு உரிஞ்சா சிலிண்டர் பிஸ்டன் செட்டாதான் மாத்தணும், அந்த விலைய மனசுல வச்சுக்கிட்டு பேசுங்க. இன்னொன்னு கிளட்ச், பெரும்பாலான மிஷின்ல இடது மரை. பைக் பழக்கத்துல திருப்புனா இன்னும் இறுகும், கடைசில மரை போயிடும். பிஸ்டன் எக்ஸாஸ்ட் ஓட்டைய மூடினப்புறம் பிளக் ஓட்டை வழியா கொஞ்சம் கயிற உள்ள விட்டு லாக் பண்ணிட்டு, கடிகார முள்ளு சுத்துற பக்கமா திருப்புங்க, கழண்டு வந்துடும்.

கிராங்க்கேஸ், அதான் எஞ்சினோட அடிக்கூடு, விரிசல்னா தொடாதீங்க. கைப்பிடி தள தளன்னு ஆடுனா பயப்பட வேணாம், ரப்பரு போயிருக்கும், சல்லிசா முடியும், ஆனா விலை குறைக்க நல்ல சாக்கு.

என் கணக்கு இதுதான்: வாங்குன விலையும் பார்ட்ஸும் சேந்து, அதே மாடல் ஓடுற நிலையில செகண்ட்ஸ்ல என்ன விலை போகுதோ அதுல பாதிய தாண்டக்கூடாது. மொதல்ல ஒரே கம்பெனில ஒண்ணு ரெண்டு மாடல மட்டும் புடிங்க, பார்ட்ஸ் ஒண்ணுக்கொண்ணு மாத்திப் போடலாம், கையும் பழகிடும். பெரிய கம்பெனி பேரு ஒட்டின டூப்ளிகேட் நெறைய சுத்துது, சீரியல் நம்பர் ஸ்டிக்கரா மட்டும் இருக்கா, இல்ல கிராங்க்கேஸ்ல அடிச்சிருக்கான்னு பாருங்க. நம்பர சுரண்டி இருந்தா திருட்டு மிஷினா இருக்கலாம், வந்த வழியே திரும்பிடுங்க. சில நாட்டுல மிஷின் வச்சிருக்கவே ரெஜிஸ்டர் பண்ணணும், பிலிப்பைன்ஸ்ல 2002லயே தனிச் சட்டம் போட்டுட்டாங்க. உங்க பக்கம் என்ன விதின்னு வாங்குறதுக்கு முன்னாடியே விசாரிச்சுடுங்க.

கேள்வி: ஸ்டார்ட் ஆகுது, ஐடிலிங்ல நல்லா நிக்குது, ரேஸ் குடுத்தா அமுங்கி ஆஃப் ஆயிடுது. கார்புரேட்டர ரெண்டு தடவ கழுவிட்டேன். எச் ஸ்க்ரூவ (ரேஸ்ல பெட்ரோல் அளவு வைக்கிற ஸ்க்ரூ) திருகித் திருகி ஓட்டையே தேஞ்சுபோச்சு. புது கார்புரேட்டர் வாங்கிடவா?

பதில்: ஸ்க்ரூவ விடுங்க முதல்ல! நல்லா ஓடிக்கிட்டிருந்த மிஷின்ல ஸ்க்ரூ தானா திரும்பியிருக்காது, வேற ஏதோ மாறியிருக்கு.

டேங்க் மூடிய லூஸ் பண்ணி ரேஸ் குடுத்துப் பாருங்க. இப்ப எடுத்துக்கிச்சுன்னா டேங்க் வென்ட், அதான் டேங்க்குக்குள்ள காத்து போற ஓட்டை, அடைப்பு, செலவே இல்ல. இல்லன்னா டேங்க்குக்குள்ள இருக்கிற பெட்ரோல் ஹோஸ வளைச்சு வளைச்சு பாருங்க, எத்தனால் கலந்த பெட்ரோல்ல அது ஊறி வெடிச்சு வெளியில தெரியாம காத்து இழுக்கும். ஃபில்டர் பழசுன்னா மாத்துங்க. கார்புரேட்டர் பம்ப் மூடிக்குள்ள ஒரு சின்ன வலை இருக்கும், கழுவுறவங்க அத மறந்துடுவாங்க. டயாப்ரத்த, அதான் கார்புரேட்டருக்குள்ள இருக்கிற மெல்லிசான சவ்வ, விரல்ல புடிச்சா துணி மாதிரி தொளதொளன்னு இருக்கணும், மொறமொறன்னு இருந்தா கிட் மாத்துங்க. உள்ள ஏர் அடிக்கிறப்ப ஜாக்கிரதை, கம்ப்ரசர் பிரஷர்ல செக் வால்வு போயிடும், அப்புறம்தான் நிஜமாவே புது கார்புரேட்டர் வாங்கணும். இவ்வளவும் சரின்னா சைலன்சர் வலைய பாருங்க, கரி அடைச்சு மூச்சு விட முடியாம இருக்கும்.

இதுக்கு நேர் எதிரா, ரேஸ விட்டும் இறங்காம கத்திக்கிட்டே இருந்துச்சுன்னா உடனே ஆஃப் பண்ணுங்க. ஆயில் சீலோ இன்டேக் ரப்பரோ காத்து இழுக்குது, அப்படியே ஓட்டுனா பிஸ்டன் போயிடும். அந்த மிஷின ஸ்க்ரூ அட்ஜஸ்ட் பண்ணி மறைச்சு விக்கிறவங்களும் இருக்காங்க, நீங்க அந்த லிஸ்ட்ல சேராதீங்க.

கேள்வி: எங்க வீட்டுக்காரர் ராத்திரி கதவச் சாத்திக்கிட்டு ஷெட்டுக்குள்ளயே மிஷின ஸ்டார்ட் பண்ணி டெஸ்ட் பண்றாரு, சத்தம் வெளிய போகக்கூடாதாம். தலைவலின்னு வந்து படுக்குறாரு. சொன்னா கேக்கல, நீங்களாவது எழுதுங்க.

பதில்: அம்மா, இந்தப் பக்கத்த அவர் கையில குடுங்க. ஐயா, அது தூக்கம் கெட்ட தலைவலி இல்ல, கார்பன் மோனாக்சைடு. வாசனையும் இருக்காது, நெறமும் இருக்காது, ஆள மயக்கிப் போட்டுட்டு எழுப்பவே எழுப்பாது. வெளியில வச்சு பகல்லயே டெஸ்ட் பண்ணுங்க. ஸ்டார்ட் பண்றப்ப தரையில வச்சு, பின் கைப்பிடிக்குள்ள கால வச்சு மிதிச்சுக்கிட்டு, செயின் சுத்தாம நிறுத்துற பிரேக்க போட்டுட்டு இழுங்க. ஒரு கையில தொங்க விட்டு இழுக்குறத வீடியோல பாத்து பழகாதீங்க.

கேள்வி: விக்கிறப்ப புது செயின் போட்டுக் குடுக்கணுமா, பழசையே தீட்டிக் குடுத்தா போதுமா?

பதில்: பல்லுல தீட்ட மிச்சம் இருந்தா தீட்டினாலே போதும், ஆனா சரியான ரவுண்டு அரத்துல. செயின் சைஸ இஞ்ச்ல சொல்வாங்க: லோ ப்ரொஃபைல் (உயரம் கம்மியான) 3/8 செயினுக்கு 4 மி.மீ. அரம், .325க்கு 4.8, பெரிய 3/8க்கு 5.2. எந்த செயின்னு பிளேடோட (செயின் சுத்தி ஓடுற நீளத் தகடு) அடியிலயே பெரும்பாலும் அடிச்சிருக்கும். ரெண்டு பக்கப் பல்லும் ஒரே நீளம் இருக்கணும், இல்லன்னா வெட்டு ஒரு பக்கமா வளைஞ்சு போகும். பல்லுக்கு முன்னாடி இருக்கிற மேட்ட மறந்துடாதீங்க, அது பல்ல விட சுமார் 0.65 மி.மீ. தாழ்ந்து இருக்கணும். தீட்டினதுக்கப்புறம் மரத்துல வச்சா சீவலா வரணும், மாவா கொட்டுச்சுன்னா இன்னும் மொட்டைதான். பிளேடோட ஓரத்துல பிசிறு இருந்தா ராவிட்டு, தலைகீழா திருப்பிப் போடுங்க, ஆயில் ஓட்டைய கம்பி விட்டு எடுங்க. ஸ்ப்ராக்கெட்ல ஆழமா பள்ளம் விழுந்திருந்தா அதையும் மாத்தணும், அதுல புது செயின் போட்டா செயின் வீண்.

கேள்வி: எஞ்சின் சூப்பர், செயின் பிரேக் மட்டும் புடிக்கல. வாங்குறவர் அனுபவசாலி, பரவாயில்லங்கிறாரு. குடுத்துடலாமா?

பதில்: கூடாது. முனை மரத்துல முட்டி மிஷின் முகத்துக்கு எகிறுறப்ப அனுபவம் கை நீட்டாது, அவ்வளவு வேகம் அது. 1973லயே ஸ்வீடன் கம்பெனி ஹஸ்க்வர்னா தானா விழுற பிரேக்க கொண்டுவந்துட்டாங்க, இத்தன வருஷத்துக்கப்புறம் அது இல்லாம விக்கிறதுக்கு சாக்கே கிடையாது. பேண்டும் ஸ்ப்ரிங்கும் மாத்துற செலவு கம்மிதான். பாதி கேஸ்ல வெறும் தூளும் ஆயிலும் அப்பிக்கிட்டு இருக்கும், தொடைச்சாலே சரியாயிடும்.

கேள்வி: வித்த மிஷின் ரெண்டு மாசத்துல சீஸ் ஆகி, அதான் பிஸ்டன் சிலிண்டர்ல இறுகி, திரும்பி வந்துச்சு. அவர் ஆயிலே கலக்கலன்னு தெரியுது, ஆனா ஒத்துக்க மாட்டேங்கிறாரு.

பதில்: பிஸ்டன்ல எக்ஸாஸ்ட் பக்கம் கீறல் இருந்தா போட்டோ எடுத்து காட்டுங்க, டேங்க்ல மிச்சம் இருக்கிற பெட்ரோல வெள்ள பேப்பர்ல ஒரு சொட்டு விட்டா ஆயில் கறை நிக்குதா இல்லையான்னு அவரே பாப்பாரு. இனிமே டேங்க் மூடி பக்கத்துல "லிட்டருக்கு 20 மில்லி டூ-டி ஆயில்"னு (டூ-ஸ்ட்ரோக் எஞ்சின் ஆயில்) லேபிள் ஒட்டிக் குடுங்க, அது 50க்கு 1. பழைய மாடலுக்கு 40 மில்லி கூட கேப்பாங்க, மேனுவல் பாத்துக்கங்க. விக்கிறப்ப சைலன்சர கழட்டி பிஸ்டன போட்டோ எடுத்து, வாங்குறவருக்கும் அனுப்பி நீங்களும் வச்சுக்கங்க. சண்டைல பாதி அதுலயே முடிஞ்சுடும்.

கேள்வி: ஓடாத மிஷின் மூலையில குவிஞ்சு கெடக்கு. ஸ்கிராப்புக்கு போடவா?

பதில்: அவசரப்படாதீங்க, முழுசா ஓடுற மிஷின விட பிரிச்ச மிஷின் சில சமயம் அதிகம் குடுக்கும். காயில், ஸ்டார்ட்டர், ஆயில் பம்ப், கிளட்ச் கவர், டேங்க் கைப்பிடி, இதுக்கெல்லாம் ஆள் வந்துக்கிட்டே இருக்கும். ஒவ்வொண்ணையும் கழுவி, மாடல் நம்பர் எழுதி தனித்தனி கவர்ல போடுங்க. ஸ்க்ரூவையும் அதே கவர்ல போடுங்க, வாங்குறவன் அதத்தான் மொதல்ல கேப்பான். கீறுன சிலிண்டரும் பிஸ்டனும் மட்டும் எடைக்கு.