சூடு, எண்ணெய், கீறல்: எந்தப் பிளாஸ்டிக்கை முதலில் ஒதுக்குவது?

கேள்வி: நான் மூன்று மாதக் கர்ப்பிணி. பிளாஸ்டிக்கிலிருந்து கசியும் ரசாயனங்கள் ஹார்மோனைக் குலைக்கும் என்று படித்ததிலிருந்து பயமாக இருக்கிறது. சமையலறையில் பாதிக்கு மேல் பிளாஸ்டிக்தான். எல்லாவற்றையும் தூக்கிப் போடணுமா? ‘பிபிஏ இல்லாதது’ என்று அச்சிட்டிருப்பதை வாங்கினால் போதுமா? ஏதாவது பரிசோதனை செய்துகொள்ளலாமா?

பதில்: எல்லாவற்றையும் தூக்கிப் போட வேண்டாம். சூடான உணவு படுவது, எண்ணெய்ப் பசை படுவது, கீறல் விழுந்து மங்கியது என இந்த மூன்று வகையை மட்டும் இன்றைக்கே ஒதுக்குங்கள். தானியமும் மாவும் போட்டு வைக்கிற டப்பாக்கள் இருந்துவிட்டுப் போகட்டும்.

காரணத்தைத் தெரிந்துகொண்டால் எந்தப் பாத்திரத்தையும் நீங்களே எடைபோடலாம். கண்ணாடிபோல் தெளிவாக, வளையாமல், கெட்டியாக இருக்கும் பிளாஸ்டிக் பாலிகார்பனேட்டாக இருக்கலாம். பிஸ்பினால் ஏ, அதாவது பிபிஏ, சங்கிலியாகக் கோத்துக்கொண்டு உண்டாவது அது. சூடும் காரத்தன்மையுள்ள (அல்கலைன்) சோப்பும் அந்தக் கண்ணிகளை அறுக்கின்றன. அறுந்த பிபிஏ உணவில் இறங்குகிறது. 1998-ல் அமெரிக்க ஆய்வாளர் பாட்ரீஷியா ஹன்ட்டின் ஆய்வகத்தில் எலிக்கூண்டுகளையும் தண்ணீர்ப் புட்டிகளையும் தவறுதலாகக் கடுமையான சோப்பால் கழுவிவிட்டார்கள். எலிகளுக்கு யாரும் எந்த மருந்தும் கொடுக்கவில்லை. ஆனாலும் பெண் எலிகளின் கருமுட்டைகளில் குரோமோசோம் கோளாறுகள் திடீரென அதிகரித்தன. காரணத்தைத் தேடிப் போனபோது, சோப்பால் சிதைந்த பாலிகார்பனேட்டில் வந்து நின்றது. பாத்திரம் கழுவும் இயந்திரத்துக்கான சோப்பும் காரத்தன்மையுள்ளதுதான். பாலிகார்பனேட்டை அதில் போடாதீர்கள்.

தாலேட்டுகளின் கதை வேறு. பிவிசியை நெகிழ வைக்கச் சேர்க்கும் எண்ணெய் போன்ற பொருள் இது. மென்மையான பிவிசியின் எடையில் 30 முதல் 40 சதவீதம்கூட இதுவாக இருக்கலாம். பிளாஸ்டிக்கோடு இது வேதிப்பிணைப்பில் இல்லை, சும்மா கலந்திருக்கிறது. அதனால் எண்ணெயோ கொழுப்போ பட்டால் எளிதாகக் கழன்று வந்துவிடும். எண்ணெயும் வெண்ணெயும் கண்ணாடி ஜாடிக்குப் போக வேண்டும் என்பது இதனால்தான்.

டப்பாவைக் கவிழ்த்து அடியில் முக்கோணத்துக்குள் இருக்கும் எண்ணைப் பாருங்கள். 3 என்றால் பிவிசி, உணவுக்கு வேண்டாம். 7 என்பது ‘மற்றவை’. பாலிகார்பனேட்டும் இதில்தான் வரும், வேறு பலவும் வரும். 5 பாலிப்ரோப்பிலீன், ஆறிய உணவுக்குப் பரவாயில்லை. 1 என்பது பெட் (PET), தண்ணீர் பாட்டில் செய்யும் பிளாஸ்டிக். அதன் முழுப்பெயரில் ‘டெரிதாலேட்’ என்று வருவதைப் பார்த்துப் பலர் மிரள்கிறார்கள். அது நெகிழ வைக்கும் தாலேட் அல்ல. ஆனால் பெட் பாட்டிலில் வெந்நீர் ஊற்றக் கூடாது, வெயிலில் நிற்கும் காரில் விட்டு வைக்கவும் கூடாது.

மைக்ரோவேவுக்கு ஏற்றது என்ற குறி, பாத்திரம் உருகாது என்பதற்குத்தான் உத்தரவாதம். எதுவும் கசியாது என்பதற்கு அல்ல. கண்ணாடியிலோ பீங்கானிலோ வைத்து, மேலே ஒரு தட்டைக் கவிழ்த்துச் சூடாக்குங்கள்.

‘பிபிஏ இல்லாதது’ என்ற வாசகத்தை மட்டும் நம்ப வேண்டாம். பிபிஏவுக்குப் பதிலாகப் பல பொருட்களில் பிஸ்பினால் எஸ், பிஸ்பினால் எஃப் போன்றவை வந்துவிட்டன. பரிசோதனைகளில் இவையும் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன்போல் வேலை செய்கின்றன. அளவு விஷயமும் அலட்சியப்படுத்தக் கூடியதல்ல. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023-ல் பிபிஏவுக்கான அன்றாட வரம்பை உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 4 மைக்ரோகிராமிலிருந்து 0.2 நானோகிராமாக, அதாவது 20,000 மடங்கு குறைத்தது.

கருவில் இருக்கும் குழந்தையைப் பற்றி: ஆண் குழந்தையின் பிறப்புறுப்பு உருவாவதற்கு முதல் மூன்று மாதங்களில் சுரக்கும் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் முக்கியம். சில தாலேட்டுகள் கருவிலுள்ள எலிகளில் அதைக் குறைக்கின்றன. மனிதர்களில் கிடைத்திருப்பது பெரும்பாலும் புள்ளிவிவரத் தொடர்புதான், அதுவே காரணம் என்ற நிரூபணம் அல்ல. உங்கள் குழந்தைக்கு இன்னது நேரும் என்று அதை வைத்து யாரும் சொல்ல முடியாது. பயம் வேண்டாம், பழக்கத்தை மாற்றினால் போதும். பலனும் சீக்கிரம் தெரியும்: பிபிஏவில் பெரும்பகுதி ஒரே நாளில் சிறுநீரில் போய்விடும். 2011-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில் ஐந்து குடும்பத்தினர் மூன்று நாள் பிளாஸ்டிக்கும் தகர டப்பாவும் தொடாத புது உணவு சாப்பிட்டார்கள். சிறுநீரில் பிபிஏ சராசரியாக 66 சதவீதம் குறைந்தது. அதனாலேயே ஒரு தடவைப் பரிசோதனையால் பயனில்லை. நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்பதைத்தான் அது காட்டும். நச்சு நீக்கும் மருந்து என்று விற்பதற்கும் காசு செலவழிக்காதீர்கள்.

தகர டப்பா உணவைக் குறையுங்கள். அவற்றின் உட்பூச்சில் பிபிஏ இருக்கலாம். கடை ரசீதுத் தாளின் பூச்சிலும் பிபிஏ இருக்கலாம்; அதைக் கையில் கசக்காதீர்கள், முக்கியமாகச் சானிடைசர் தடவிய ஈரக் கையால். தரையை ஈரத்துணியால் துடைப்பது நல்லது. வினைல் விரிப்பின் தாலேட்டுகள் தூசியில்தான் சேர்கின்றன.

குழந்தை பிறந்தபின் புட்டிப்பால் தேவைப்பட்டால் கண்ணாடிப் புட்டி நல்லது. பாலிப்ரோப்பிலீன் புட்டிதான் என்றால், கொதிநீரில் சுத்திகரித்தபின், கொதிக்க வைத்து ஆறிய நீரால் மூன்று முறை அலசுங்கள். பால்மாவை 70 டிகிரிக்குக் குறையாத நீரில் கண்ணாடி அல்லது எவர்சில்வர் பாத்திரத்தில் கரைத்து, குழந்தை குடிக்கும் சூட்டுக்கு ஆறியபின் புட்டியில் ஊற்றுங்கள். சூடான நீரோடு குலுக்கும்போது இந்தப் புட்டிகள் லிட்டருக்கு 1.6 கோடி வரை பிளாஸ்டிக் நுண்துகள்களை உதிர்ப்பதை 2020-ல் டப்ளின் ஆய்வாளர்கள் கண்டார்கள்.

ஒதுக்கிய டப்பாக்களில் ஆணி, நூல், பொத்தான் போட்டு வையுங்கள். உடைந்ததை மறுசுழற்சிக்குக் கொடுங்கள். குப்பைமேட்டில் ஊறும் கழிவுநீரோடு பிபிஏ நீர்நிலைக்குப் போகிறது. சில பிளாஸ்டிக்குகளிலும் சலவைப் பொருட்களிலும் சேர்க்கப்பட்ட நோனைல்பினால் என்ற ரசாயனம் கலந்த ஆறுகளில் ஆண் மீன்களின் உடலில் முட்டைக்கருப் புரதம் உருவாகியிருக்கிறது. எக்காரணம் கொண்டும் வீட்டில் கொளுத்தாதீர்கள்: பிவிசி எரிந்தால் டையாக்ஸின் என்ற நச்சு உண்டாகும்; உடலை விட்டுப் போக அதற்குப் பல ஆண்டுகள் பிடிக்கும்.