பதில்: கோட்டை மைதானத்தில் சூரிய நமஸ்காரம் செய்யும்போது கை நடுக்கம்

சார், காலை ஆறு மணிக்கு கிளிமிபிரைடு என்ற சர்க்கரை நோய் மாத்திரையைப் போட்டுவிட்டு வெறும் வயிற்றில் 12 சுற்று சூரிய நமஸ்காரம் செய்கிறேன், பாதியில் கை நடுங்கி வியர்க்கிறது என்கிறீர்கள். அது பெரும்பாலும் தாழ்சர்க்கரை, அதாவது ரத்தத்தில் சர்க்கரை அளவு மிகவும் குறைந்துபோவது. அந்த மாத்திரை, சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கணையத்தை இன்சுலின் சுரக்க வைக்கும். தசையும் அதே நேரம் சர்க்கரையை இழுக்கும். அதனால்தான் அதை முதல் சாப்பாட்டோடு போடச் சொல்வார்கள். யோகா முடித்து, இட்லியோடு போடலாமா என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள்.

தொடங்குமுன் குளுக்கோமீட்டரில் ரத்தச் சர்க்கரை அளவைப் பாருங்கள். 90க்குக் கீழே என்றால் ஒரு வாழைப்பழம் சாப்பிட்டுவிட்டுத் தொடங்குங்கள். நடுக்கம் வந்தால் உடனே நிறுத்திவிட்டுப் பாருங்கள். 70க்குக் கீழே என்றால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறவில்லையென்றால் இன்னொரு முறை. மீட்டர் கையில் இல்லையென்றாலும் குடித்துவிடுங்கள். இதுதான் சாக்கு என்று ஆற்காடு மக்கன் பேடா மாதிரி இனிப்பு வேண்டாம். அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும்.

சிரசாசனமும் செய்வதாக எழுதியிருக்கிறீர்கள். விழித்திரைப் பரிசோதனை முடியும்வரை அதை நிறுத்துங்கள். விழித்திரை பாதித்திருந்தால் தலைகீழாக நிற்பது கண்ணுக்குள் ரத்தக்கசிவை உண்டாக்கலாம்.