அக்காவுக்குப் போடும் ஊசி தம்பியைக் காக்குமா?

கேள்வி: பள்ளியில் ஒன்பதாம் ஆண்டு படிக்கும் என் மகளுக்கு மூளையுறை அழற்சித் தடுப்பூசி போடுவதற்கு இசைவு கேட்டுப் படிவம் வந்துள்ளது. நல்ல உடல்நலத்துடன் இருப்பவளுக்கு இது எதற்கு என்கிறார் என் மாமியார். வீட்டிலுள்ள நான்கு மாத ஆண் குழந்தைக்கும் இது பாதுகாப்பு என்கிறார் பள்ளிச் செவிலியர். ஒருவருக்குப் போடும் ஊசி இன்னொருவரை எப்படிக் காக்கும்?
- வாசகி, லண்டன்

பதில்: மூளையுறை அழற்சியை உண்டாக்கும் மெனிங்கோகாக்கஸ் என்ற கிருமி பெரும்பாலும் நலமாக இருப்பவர்களின் தொண்டையில்தான், அவர்களே அறியாமல், மாதக்கணக்கில் குடியிருக்கிறது. கைக்குழந்தைகளில் நூற்றுக்கு நான்கைந்து பேரிடம் மட்டுமே காணப்படும் அது, 19 வயதினரில் ஏறத்தாழ நான்கில் ஒருவரிடம் இருப்பதாக ஐரோப்பிய ஆய்வுகள் காட்டியுள்ளன. கிருமியைச் சுமப்பவர்கள் இளையோர்; நோயில் அதிகம் விழுபவர்களோ குழந்தைகள். விடுதி வாழ்க்கை, நெருக்கமான கூட்டம், முத்தம் ஆகியவை அதைப் பரப்பும் வழிகள் என்பதை மாமியாரிடம் சொல்வதா வேண்டாமா என்பதை உங்களிடமே விட்டுவிடுகிறேன்.

கிருமியின் மேலுறையிலுள்ள சர்க்கரைப் பொருளை ஒரு புரதத்துடன் இணைத்துச் செய்யப்படும் தடுப்பூசி, நோயைத் தடுப்பதோடு நில்லாமல், கிருமி தொண்டையில் தங்குவதையும் குறைக்கிறது. இதற்கு மிகத் தெளிவான சான்று நீங்கள் வாழும் நாட்டிலேயே கிடைத்தது. 1999 நவம்பரில் அங்கு, இந்தக் கிருமியின் பல வகைகளில் ஒன்றான சி வகைக்கு எதிரான ஊசி குழந்தைகளுக்கும் பதின்வயதினருக்கும் போடத் தொடங்கப்பட்டபின், ஓராண்டுக்குள் 15 முதல் 17 வயதினரின் தொண்டையில் அந்த வகை மூன்றில் இரண்டு பங்கு குறைந்தது. ஊசி போடாத பிள்ளைகளிடையேயும் நோய் ஏறக்குறைய அதே அளவு குறைந்தது. என்னை வியக்கவைப்பது அதன் பின்கதைதான். கைக்குழந்தைப் பருவத்தில் போட்ட ஊசியின் ஆற்றல் ஓராண்டிலேயே பெரிதும் தேய்ந்துவிடுவது பின்னர் தெரியவந்தபோதிலும், பரப்புவோரிடம் கிருமி இல்லாததால் நோய் திரும்பி வரவில்லை.

டபிள்யூ வகை பரவத் தொடங்கியபோது, 2015இல் ஏ, சி, டபிள்யூ, ஒய் ஆகிய நான்கு வகைகளுக்குமான ஊசி பதின்வயதினருக்குக் கொண்டுவரப்பட்டது. உங்கள் மகளுக்குப் போடப்போவது அதுதான். பதின்வயதினர் தரும் இந்த அரணை நம்பியே, ஒரு வயதில் தரப்பட்டுவந்த சி வகைத் தவணை, 2024 ஜூலை 1 முதல் பிறந்த குழந்தைகளுக்கு நிறுத்தப்பட்டுள்ளது. ஆகவே உங்கள் வீட்டுக் குழந்தைக்கு அந்த வகையிலிருந்து பாதுகாப்பு, அக்காவும் அவளுடைய வகுப்புத் தோழர்களும் போட்டுக்கொள்ளும் ஊசியைப் பொறுத்தே இருக்கிறது.

ஆனால் பி வகைக்கு இந்தக் கணக்கு செல்லாது. தெற்கு ஆஸ்திரேலியாவில் 2017இல் ஏறத்தாழ 35,000 மாணவர்களிடம் தொடங்கிய ஆய்வில், பி வகைத் தடுப்பூசி தொண்டையில் கிருமி தங்குவதைக் குறைக்கவில்லை எனத் தெரிந்தது. போட்டுக்கொண்டவருக்கு மட்டுமே அது காப்பு. எனவே மகளுக்கான படிவத்தில் கையொப்பமிடும் அன்றே, குழந்தைக்கு பி வகை ஊசியின் முதல் இரண்டு தவணைகளும் போடப்பட்டுள்ளனவா என்று அவனுடைய தடுப்பூசிப் பதிவேட்டிலும் பார்த்துவிடுங்கள். மூன்றாவது தவணை ஒரு வயதில் வரும்.